கச்சதீவு: மாத்த வேண்டியது எல்லைக்கோட்டையா, இழுவைமடியையா?

லிந்துலை_வாசகன்:
தமிழ்நாட்டுல தேர்தல் வந்தா கச்சதீவை மீட்கணும்னு சத்தம் வரும். 285 ஏக்கர், குடிதண்ணி கிடையாது, ஒரு அந்தோனியார் கோயில். 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் போட்ட கடல் எல்லைக்கோடு அதை இலங்கைப் பக்கம் வச்சது. 5ஆம் பிரிவுப்படி இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாம வந்துபோகலாம். 1976 மார்ச்ல ரெண்டு அரசும் மாத்திக்கிட்ட கடிதங்கள்ல, ஒருத்தர் கடல்ல மத்தவர் மீன் பிடிக்கக்கூடாதுன்னு எழுதியாச்சு. முடிஞ்ச விசயம்.

பூண்டுலோயா75:
யாருக்கு முடிஞ்சது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரை 1974 ஜனவரியில பாதிபாதியா பங்கு போட்டாங்க. அதே சிறிமாவோவும் இந்திராவும் அஞ்சு மாசத்துல கடலுக்கும் கோடு போட்டாங்க. ரெண்டு தடவையும் சம்பந்தப்பட்டவனைக் கேட்கல. ஹேக்ல உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

லிந்துலை_வாசகன்:
போக வழியில்லீங்க. பொதுநலவாய நாடுகளோட உள்ள தகராறை அந்த நீதிமன்ற அதிகாரத்துல இருந்து இந்தியா விலக்கி வச்சிருக்கு. போனாலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். தாய்லாந்தும் கம்போடியாவும் சண்டை போட்ட பிரே விகார் கோயில் கம்போடியாவுக்குன்னு 1962ல தீர்ப்பு. சுத்தியுள்ள நிலத்தோட எல்லை தெளிவாகல. 2008ல துப்பாக்கிச் சண்டை, 2013ல திரும்பவும் ஹேக்.

கொட்டகலை_கருவாடு:
ரெண்டு பேரும் தீவையே சுத்துறீங்க. சிக்கல் இழுவைமடி, தமிழ்நாட்டு விசைப்படகு கடலடியில இழுத்துட்டுப் போற வலை. அடிமடி கடல்தரையைச் சுரண்டி குஞ்சு மீனையும் வாரிடும். வழியில யாழ்ப்பாணத்தான் விரிச்ச வலையும் கிழியும். 2017ல இலங்கை அதைச் சட்டத்தாலேயே தடை பண்ணிருச்சு. அதே வருசம் இந்தியா இழுவைமடியை விட்டு ஆழ்கடல்ல சூரை மீன் பிடிக்கப் போற படகுத் திட்டம் கொண்டுவந்துச்சு: படகு 80 லட்சம் ரூபாய், மத்திய அரசு 50%, மாநிலம் 20%, வங்கிக் கடன் 20%, மீனவர் 10%. ஏன் ஓடல? ராத்திரி போய் காலையில திரும்புறவனை வாரக்கணக்குல நடுக்கடல்ல இருக்கச் சொன்னா, கடனுக்குப் பயந்து பின்வாங்குறான்.

பூண்டுலோயா75:
அதைத்தான் சொல்றேன், ஆளைக் கேட்டுத் திட்டம் போடணும். இந்தியா–பங்களாதேஷ் 2015ல ஒருத்தர் நாட்டுக்குள்ள மத்தவருக்குச் சொந்தமா இருந்த 162 திட்டு நிலங்களைக் கைமாத்தினப்போ, எந்த நாட்டுக் குடியுரிமை வேணும்னு அங்க இருந்தவங்களையே கேட்டாங்க.

லிந்துலை_வாசகன்:
1974ல கையெழுத்தான ஒப்பந்தம் அது! 41 வருசம் ஆச்சு.

கொட்டகலை_கருவாடு:
அவ்வளவு காத்திருந்தா பாக்குநீரிணையில மீனே இருக்காது. முதல்ல இழுவைமடிப் படகை அரசாங்கம் விலைக்கு வாங்கி உடைக்கணும். உடைக்காம வித்தா அடுத்த துறைமுகத்துல இருந்து அதே படகு வரும். 80 லட்சம் படகுக்குப் பதிலா, கரையோரத்துல செவுள்வலை, தூண்டில் போட சின்னப் படகு கொடுங்க. இலங்கை வடக்கு மீனவருக்குக் கிழிஞ்ச வலைக்கு நட்டஈடு யார் தர்றதுன்னும் இப்பவே எழுதுங்க. பூண்டுலோயாக்காரரே, இதை முடிவு பண்ற பேச்சுவார்த்தையில மன்னார் ஆளும் ராமேஸ்வரம் ஆளும் உட்காரட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.