மார்கரெட் – தார்ன்டன் கல்யாணத்தோடு கூலிச் சண்டை முடிந்துவிட்டதா?

கயல்:
எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' நாவலைப் படித்து முடித்தேன். மில்டன் ஊரின் பஞ்சாலைகள், சங்கம், வேலைநிறுத்தம் என்று நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஆலை முதலாளி தார்ன்டனும், தெற்கிலிருந்து அங்கே குடிவந்த மார்கரெட்டும் சேர்ந்துவிடுகிறார்கள், கதை முடிகிறது. அப்படியானால் தொழிலாளி ஹிக்கின்ஸ் கேட்ட கேள்விகள்? காதலைப் போட்டுச் சண்டையை மூடிவிட்டார்களோ என்று மனசு ஆறவில்லை.

வாசுகி டீச்சர்:
கயல், நான் இதை எம்.ஏ. வகுப்பில் நடத்துகிறேன். மூடிவிட்டார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஹிக்கின்ஸின் மகள் பெஸ்ஸி பேசும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெண். பஞ்சு சிக்கெடுக்கும் அறையில் பறக்கும் தூசு நுரையீரலில் அடைந்து சாகிறாள். அறையின் ஒரு முனையில் பெரிய சக்கரம் ஒன்றை வைத்தால் காற்று இழுத்துத் தூசு வெளியே போய்விடும். ஆனால் அதற்கு ஐந்நூறு, அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் ஒன்றும் வராது, அதனால் முதலாளிகள் பலர் வைப்பதில்லை என்று அவளே சொல்கிறாள். சக்கரம் வைத்த இடத்தில் சில தொழிலாளிகளுக்கும் அது பிடிக்கவில்லையாம்: தூசை விழுங்கியே பழகியவர்களுக்கு, அது இல்லாவிட்டால் பசி எடுக்கிறதாம்! ஆலைக்காரர்கள் நிறைந்த மான்செஸ்டரில் ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்துகொண்டு காஸ்கெல் இதை எழுதியிருக்கிறார். சண்டையை மூட நினைப்பவர் இந்தக் கணக்கை எழுதமாட்டார்.

காதலும் அந்தச் சண்டைக்குள்ளேயேதான் வளர்கிறது. வேலைநிறுத்தத்தின்போது தார்ன்டன் அயர்லாந்திலிருந்து ஆள் இறக்கியதால் கூட்டம் ஆலைக்குள் புகுந்தபோது, கீழே போய் அவர்களோடு மனிதனாகப் பேசுங்கள் என்று தார்ன்டனை அனுப்புவதே மார்கரெட்தான். அவரை நோக்கி வந்த கல் அவள் மேல் படுகிறது. மறுநாள் அவர் கல்யாணம் பேச வருகிறார், அவள் மறுத்துவிடுகிறாள்.

அப்புறம் ஹிக்கின்ஸ். வேலை கேட்டுத் தார்ன்டனுக்காக ஐந்து மணி நேரம் காத்து நிற்கிறார், அவமானப்பட்டுத் திரும்புகிறார். ஆனால் அந்தக் காத்திருப்பு தார்ன்டனை உறுத்துகிறது. ஹிக்கின்ஸ் சொன்னது உண்மைதானா என்று விசாரித்துவிட்டு, தேடிப்போய் வேலை கொடுக்கிறார். என்னைக் கேட்டால் நாவலின் உயிர் அங்கேதான்.

மாறன்:
டீச்சர், பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தார்ன்டன் நொடித்துப்போன பிறகு மார்கரெட் கடனாகத் தர முன்வரும் 18,057 பவுண்டு, அவளுடைய அப்பாவின் நண்பர் மிஸ்டர் பெல் அவளுக்கு விட்டுப்போன சொத்திலிருந்து வருவது. மில்டனில் ஆலை நிற்கும் இடமே அவருடையது. அதாவது அவள் தார்ன்டனின் நிலச்சொந்தக்காரியாகத்தான் திரும்பி வருகிறாள். ஆலை காப்பாற்றப்படுவது ஒரு வாரிசுச் சொத்தால். அதில் ஹிக்கின்ஸுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. கயல் கேட்பது நியாயம்தான்.

வாசுகி டீச்சர்:
சரி மாறன், அது உண்மை. இங்கிலாந்தின் பஞ்சாலை ஊரான பிரெஸ்டனில் பத்து சதவீதக் கூலி உயர்வுக்காக 1853-54இல் மாதக்கணக்கில் நடந்த போராட்டம் தோற்ற பிறகுதான், 1854 செப்டம்பரில் இந்த நாவல் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது. அந்தக் கூலிக்கு காஸ்கெல் வழி சொல்லவில்லை. ஆனால் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கடைசிப் பகுதியில் தார்ன்டன் ஒரு எம்.பி.யிடம் பேசுவதைப் பாருங்கள்: தொழிலாளிகளோடு நேரில் பழகும் தன் முயற்சிகளால் வேலைநிறுத்தம் இல்லாமல் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, அதிலுள்ள விஷமும் வெறுப்பும் குறையலாம், அவ்வளவுதான் தன் எதிர்பார்ப்பு என்கிறார். அதற்கு அப்புறம்தான் இருவரும் சேர்கிறார்கள்.

கயல்:
அந்த எம்.பி. பேச்சை வேகமாகத் தாண்டிவிட்டேன். இன்று இரவே எடுத்துப் படிக்கிறேன்.