சாலைத் துறையின் கோப்பை அப்படியே வரைபடத்தில் கொட்டலாமா?

மைல்கல்:
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் நான் வரைந்துவரும் பகுதியில் பெரிய சாலைகள் மட்டுமே இருக்கின்றன. ஊர்களுக்குள் பிரியும் சாலைகளில் பாதிக்கு மேல் காணோம். அரசின் திறந்த தரவுத் தளத்தில் சாலைத் துறை வெளியிட்ட கோப்பு ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு சாலைக்கும் எண், அகலம், தாரா மண்ணா என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நான் ஒருவனே வரைந்துகொண்டிருந்தால் பல ஆண்டுகள் ஆகும். அதனால் மொத்தமாக ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கோணல்கோடு:
எனக்கு இருக்கிறது. தரவின் மீது இல்லை, ‘மொத்தமாக’ என்ற சொல்லின் மீது.

அமெரிக்காவில் 2007, 2008 ஆண்டுகளில் இதைத்தான் செய்தார்கள். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ‘டைகர்’ தரவை நாடு முழுவதற்கும் ஏற்றினார்கள். வெறுமையாகக் கிடந்த வரைபடம் நிரம்பிவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தத் துறைக்குத் தேவைப்பட்டது வீடுகளை எண்ணுவதற்கு ஒரு சட்டகம். வீடு சாலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். கோடு பல மீட்டர் தள்ளி வயலுக்குள் ஓடினாலும் கணக்கு கெடாது. வண்டி ஓட்டுபவருக்குக் கெட்டுவிடும். காட்டுப்பாதைகளும் தனியார் வீட்டு வாசல் வழிகளும் ‘குடியிருப்புச் சாலை’ என்ற வகையில் வந்து உட்கார்ந்தன. மாவட்ட எல்லைகளில் ஒரே சாலையின் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றதால், வழி தேடும் மென்பொருளுக்கு அங்கே சாலை முடிந்துபோனது. மேம்பாலங்களின் கதை இன்னும் மோசம். மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் ஒரே புள்ளியில் இணைந்திருந்தன. அந்த வரைபடத்தை நம்பினால் பாலத்தின் நடுவில் வலப்புறம் திரும்பி நெடுஞ்சாலையில் குதிக்க வேண்டும்!

ஏற்றிய ஒவ்வொரு கோட்டிலும் ‘இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்ற குறிச்சொல்லைச் சேர்த்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்தக் குறிச்சொல் அகலாத சாலைகள் ஏராளம்.

உரிமத்தாள்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தக் கோப்பின் உரிமம் என்ன?

மைல்கல்:
‘திறந்த தரவு’ என்று தளத்திலேயே போட்டிருக்கிறார்கள், ஐயா. அது போதாதா?

உரிமத்தாள்:
போதாது. 2012 செப்டம்பரிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வருகிறது. அதனோடு ஒத்துப்போகும் உரிமம் உள்ள தரவை மட்டுமே உள்ளே எடுக்கலாம். யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுவுடைமை என்றாலும், உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுக்கும் சிசி0 என்றாலும் சிக்கல் இல்லை. அமெரிக்க அரசின் தரவு பொதுவுடைமை என்பதால்தான் டைகருக்கு இந்தத் தடை எழவில்லை. ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று ஒரு வரி இருந்தால் அத்தோடு முடிந்தது. பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்னும் சிசி பிஒய் 4.0 உரிமம் என்றால் பலர் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கும் துறையிடம் தனியாக எழுத்துமூல இசைவு வாங்க வேண்டும்: சாலைக்குச் சாலை பெயர் போடாமல் பங்களிப்பாளர் பக்கத்தில் ஒருமுறை நன்றி தெரிவித்தால் போதும் என்றும், தரவுக்குத் தொழில்நுட்பப் பூட்டுப் போடக்கூடாது என்ற நிபந்தனையை வலியுறுத்தவில்லை என்றும்.

நடைவண்டி:
டைகரை எடுத்துவைத்து இறக்குமதி என்றாலே பூச்சாண்டி காட்டுவது வழக்கமாகிவிட்டது. நெதர்லாந்தில் 2007ஆம் ஆண்டு ஏஎன்டி என்ற நிறுவனம் தன் சாலைத் தரவை மொத்தமாகவே கொடுத்தது, மொத்தமாகவே ஏற்றினார்கள். அது அரசுத் தரவு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஏற்றிய விதம் ஒன்றுதான். அங்கே வரைபவர்கள் ஓய்ந்துவிட்டார்களா? பழைய கோடுகளைத் திருத்தியும் மாற்றியும் இன்றைக்கு மிகச் செறிவான வரைபடங்களில் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

கோணல்கோடு அவர்களே, உங்கள் வட்டாரம் முழுமையாக இருப்பதால் நீங்கள் துல்லியம் பேசலாம். சாலையே இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இருபது மீட்டர் தள்ளிய கோடு ஒரு வரம்.

கோணல்கோடு:
கோடு தள்ளியிருந்தால் வரம் என்றே வைத்துக்கொள்வோம். சாலையே இல்லாமல் கோடு மட்டும் இருந்தால்? துறைக் கோப்புகளில் ஒப்புதல் கிடைத்தும் போடாத சாலை, போட்டு வெள்ளத்தில் போன சாலை எல்லாம் கலந்திருக்கும். வெற்றிடத்தைப் பார்த்தால் ஓட்டுநர் யாரையாவது விசாரிப்பார். கோட்டைப் பார்த்தால் நேராக ஆற்றங்கரைக்குப் போய் நிற்பார்.

நெதர்லாந்தில் திருத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள். மைல்கல் தன் பகுதியில் தனியாள் என்று அவரே சொல்கிறார்.

நடைவண்டி:
தனியாள் என்பதால்தானே அவருக்கு இந்தக் கோப்பு வேண்டும்!

மைல்கல்:
ஆற்றங்கரை உதாரணம் நியாயம். எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கோப்பில் ‘தார்ச்சாலை’ என்று இருந்த ஒன்றை நேற்று வண்டியில் போய்ப் பார்த்தேன். ஜல்லி கொட்டியதோடு நிற்கிறது, அதன்மேல் புல் முளைத்திருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஓடும் சாலையை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் என்னால் பார்க்க முடியவில்லை. கோப்பில் அதன் வளைவுகள்கூடச் சரியாக இருக்கின்றன. சாலை எண்ணும் அகலமும் படத்தில் கிடைக்குமா? அந்தப் படமே சில இடங்களில் சில மீட்டர் நகர்ந்துதான் இருக்கிறது. நம் ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டபோது கோப்பு ஜெயித்த இடங்களும் உண்டு.

ஒற்றையடி:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஏற்றுவதா வேண்டாமா என்பதைத் தவிர வேறு வழியே இல்லாததுபோல் பேசுகிறீர்கள். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனம் தன் தரவின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அதில் சாலைப் பெயர்களின் பட்டியலும் இருந்தது. அங்கே வரைபவர்கள் அதை வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது, எந்தப் பெயர் மாறுபடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மாறுபட்ட இடத்துக்கு நேரில் போய்த் தெருப் பலகையைப் படித்தார்கள். பல இடங்களில் தவறு நம்முடையது. சில இடங்களில் தவறு அரசினுடையது! அதற்காகவே ‘இது பெயர் அன்று’ என்று பொருள்படும் ஒரு குறிச்சொல் புழக்கத்துக்கு வந்தது. அடுத்து வருபவர் அதே தவற்றைத் திரும்ப ஏற்றாமல் இருக்க அது ஒரு வேலி. எனக்கு அந்த வரைபடத்தில் மிகவும் பிடித்த குறிச்சொல் அதுதான்.

டைகருக்கும் பின்னால் இதே பாதைதான். புதிய பதிப்புகளைத் வரையும் மென்பொருளின் பின்னணியில் அடுக்காக வைத்து, பழைய கோட்டை அதன்மேல் கையால் நகர்த்தினார்கள். கொட்டியபோது தொல்லையாக இருந்த அதே துறையின் தரவு, அடியில் விரித்தபோது உதவியாயிற்று.

நடைவண்டி:
ஒவ்வொரு சாலையாகக் கையால் என்றால் மறுபடியும் பல ஆண்டுகள். முதல் பதிவுக்கே வந்துவிட்டோம்.

ஒற்றையடி:
அத்தனை ஆகாது. இடத்தைத் தேடுவதும் வடிவத்தை ஊகிப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. கோப்பு அடியில் இருந்தால் அவ்விரண்டும் குறையும். மீதி, சந்திப்புகளை இணைப்பதும் பாலத்தைப் பாலமாகக் குறிப்பதும். அவற்றை எப்படியும் ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும்.

உரிமத்தாள்:
அடியில் விரித்து வரைந்தாலும் அது அந்தத் தரவிலிருந்து எடுத்ததுதான். உரிமம் இல்லாமல் அதுவும் கூடாது. மொத்தமாக ஏற்றுவதாக இருந்தால் தனிக் கணக்கு, விக்கியில் திட்டப் பக்கம், உள்ளூர் குழுவிடம் முன்கூட்டிய உரையாடல் ஆகியவையும் வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய அனைத்தையும் ஒரே நாளில் திரும்ப எடுத்துவிடுவார்கள்.

மைல்கல்:
துறைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை கோப்பைத் தொடவில்லை. நேரில் பார்த்த அந்த ஜல்லிச் சாலையை மட்டும் என் ஜிபிஎஸ் தடத்தை வைத்து இன்று வரைந்தேன்.

கோணல்கோடு:
பார்த்தேன். அதன் கிழக்கு முனை பிரதான சாலையைத் தொடவில்லை.

மைல்கல்:
இணைத்துவிட்டேன்.