உலோக 3டி பிரிண்டிங் ஆய்வாளரின் பேப்பர் பட்டியலை எப்படி எடைபோடுவது?

புதுமாணவர்:
உலோக அடிட்டிவ் மேனுஃபாக்சரிங்கில், அதாவது உலோக 3டி பிரிண்டிங்கில், பி.எச்டி சேர ஒரு பேராசிரியரைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவருடைய பட்டியலைத் திறந்தால் மலைப்பாக இருக்கிறது. ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு, கடந்த சில ஆண்டுகளாக ஆண்டுக்கு 20-க்கும் மேல். எச்-இண்டெக்ஸும் (பேப்பர்களின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எண்) பெரிது. ஆனால் அதிக சைட்டேஷன் (மற்றவர்கள் காட்டும் மேற்கோள்) வாங்கியவை எல்லாம் ரிவ்யூ பேப்பர்கள், அதாவது ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை. மற்றவற்றில் 316எல், இன்கோனெல் 718, ஏஎல்எஸ்ஐ10எம்ஜி என்று உலோகக் கலவைதான் மாறுகிறது, தலைப்பு ஏறக்குறைய ஒன்றே. இது நல்ல ஆய்வுக்கூடத்தின் அடையாளமா, இல்லை வெறும் எண்ணிக்கையா?

துகள்படுக்கை:
எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். லேசர் பவுடர் பெட் மெஷின் (உலோகப் பவுடரை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்குவது) கைவசம் இருந்தால் பேப்பர் எழுதுவது கஷ்டமில்லை. லேசர் பவர், ஸ்கேன் வேகம், கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம், அடுக்கின் தடிமன், இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சின்னக் கனசதுரங்களை அடித்து, அடர்த்தியும் கடினத்தன்மையும் அளந்தால் ஒரு பேப்பர் ஆயிற்று, பவுடரை மாற்றினால் இன்னொன்று.

நான் முதலில் பார்ப்பது, பவரை மற்ற மூன்றின் பெருக்கத்தால் வகுத்து வரும் ஆற்றல் அடர்த்தி என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிட்டார்களா என்பதைத்தான். அந்த எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு செட்டிங்கில், ஒன்றில் லேசர் ஆழமாகத் துளைத்து உருண்டையான கீஹோல் துளைகளை விட்டுவிடும். இன்னொன்றில் அடுக்குகள் ஒட்டாமல், உருகாத துகள் உள்ளே சிக்கிய, ஓரம் கோணலான துளைகள் வரும். சதவீதம் மட்டும் போட்டுவிட்டுத் துளையின் வடிவத்தைக் காட்டாத பேப்பரை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பவுடரின் அளவுப் பரவல், ஆக்சிஜன் அளவு, மறுபயன்பாட்டுப் பவுடரா, அச்சாகும்போது சாம்பிள் எந்தத் திசையில் நின்றது, இவை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும்.

நுண்ணமைப்பு:
மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ரிவ்யூ பேப்பரைக் கழித்துவிட்டு சைட்டேஷனைப் பாருங்கள்; வளரும் துறையில் அறிமுகப் பத்தி எழுதும் எல்லோரும் ரிவ்யூவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன பேப்பர் எப்படி இருக்கும் என்றால், 2017-இல் நேச்சர் இதழில் எச்ஆர்எல் ஆய்வகத்தார் வெளியிட்டதைச் சொல்வேன். 7075 என்ற அலுமினியக் கலவையை லேசரில் உருக்கினால் உறையும்போது விரிசல் விடும். அவர்கள் பவுடரின் மேல் சிர்கோனியம் சார்ந்த நானோ துகள்களைப் பூசினார்கள், நீளநீளமாக வளரும் படிகங்களுக்குப் பதில் நுண்ணிய சமவடிவப் படிகங்கள் உருவாகி, விரிசல் நின்றது. எல்லோரும் நேச்சரில் எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் 'ஏன் விரிசல் விடுகிறது' மாதிரி ஒரு கேள்வியாவது பட்டியலில் தெரிய வேண்டும்.

இன்னொன்று, ஃபட்டீக் (திரும்பத் திரும்ப விசை கொடுத்தால் உலோகம் எப்போது உடையும் என்பது) ஆய்வாளரை எண்ணிக்கையால் அளப்பது அநியாயம். ஒரு கோடி சுழற்சி வரை 20 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரே சாம்பிளுக்குக் கிட்டத்தட்ட 6 நாள். ஒரு எஸ்-என் வளைவுக்கு (எவ்வளவு விசைக்கு எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் வரைபடம்) எத்தனை சாம்பிள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உருகுகுட்டை:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். செட்டிங் தேடும் பேப்பர்களை அப்படியே ஒதுக்காதீர்கள். புது மெஷின் வந்த லேபுக்கு அது இல்லாமல் அடுத்த படி இல்லை, முதலாண்டு மாணவர் கை பழகுவதும் அதில்தான். அதே கலவையை அப்புறம் தொடர்ந்தார்களா என்பதுதான் முக்கியம்: செட்டிங், பிறகு நுண்ணமைப்பு, வெப்பச் சிகிச்சை, கடைசியில் ஃபட்டீக் என்று நான்கைந்து ஆண்டு ஒரே கலவையில் போயிருந்தால் எனக்கு மரியாதை வரும்.

ஆசிரியர் பட்டியல் நீளமாக இருந்தாலும் உடனே சந்தேகப்பட வேண்டாம். கீஹோல் உருவாவதைப் படம்பிடிக்க சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே (பெரிய துகள் முடுக்கி தரும் மிக வலுவான எக்ஸ்ரே) வேண்டும், அதற்குப் பெரிய கூட்டமே தேவை. முதல் பெயர் யார் என்று பாருங்கள். மாணவர் பெயர் முதலில் வந்து, அதே பெயர் இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்தால் அங்கே மாணவர் வளர்கிறார் என்று அர்த்தம்.

புதுமாணவர்:
மிக்க நன்றி. அவருடைய டைட்டானியம் பேப்பர்கள் இரண்டைத் திறந்தேன். சாம்பிள் நின்ற திசையும் பவுடர் விவரமும் தெளிவாக இருக்கின்றன, துளைகளின் படமும் இருக்கிறது. ஃபட்டீக் மட்டும் எங்கேயும் இல்லை.

நுண்ணமைப்பு:
அப்படியென்றால் மெயிலில் நேராகவே கேளுங்கள்: ஃபட்டீக் மெஷின் லேபிலேயே இருக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா, உங்களுக்கு அதில் நேரம் ஒதுக்குவார்களா என்று. அப்புறம், அவரிடம் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள்.