மாங்குளமா பரந்தனா: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தேவன் மாமா, மாங்குளம்: (பலமுறை முன்னனுப்பப்பட்டது) வன்னிக்கு வருகிறது மாபெரும் விமானத் தொழிற்சாலை!!! பல்லாயிரம் இளைஞருக்கு வேலை!!! தமிழன் என்றால் பகிரவும்!!!

தேவன் மாமா, மாங்குளம்: எல்லோரும் பார்த்தீங்களா? மாகாணத்துக்கு நடு இடம் மாங்குளம்தான். வேறு எங்கே வைக்கப் போகிறார்கள்.

ராசன் சித்தப்பா, பரந்தன்: அத்தான், காலமை தேத்தண்ணி குடிச்சாச்சா? வந்தால் அது பரந்தனுக்குத்தான். ரயில் இருக்கு, ஏ9 இருக்கு, முல்லைத்தீவுப் பாதையும் பூநகரிப் பாதையும் இங்கேதான் பிரியுது. இரசாயனத் தொழிற்சாலை இருந்த ஊர். தொழிற்சாலை என்றால் என்ன என்று எங்களுக்குத்தான் தெரியும்.

தேவன் மாமா, மாங்குளம்: ஆனையிறவு உப்புக் காற்றில் விமானம் பறக்க முதலே கறள் பிடிச்சிடும்.

கவிதா அக்கா, வவுனியா: தொடங்கிட்டீங்களா இரண்டு பேரும்?

கஜன், அறிவியல்நகர்: மாமா, அந்தச் செய்தியில் எந்தக் கொம்பனி, எத்தனை ஏக்கர், யார் சொன்னது, ஒன்றுமே இல்லை. பொய்ச் செய்தி. அதை விடுங்கோ. ஆனால் நீங்கள் இருவரும் இப்போது பிடிக்கிற சண்டையைத்தான் அமெரிக்காவில் மாநிலங்கள் பிடித்தன, அதுவும் கோடிக்கணக்கான டொலரைக் கையில் வைத்துக்கொண்டு.

ராசன் சித்தப்பா, பரந்தன்: கம்பஸ் பொடியன் வந்திட்டான். சொல்லு, கேட்பம்.

கஜன், அறிவியல்நகர்: போயிங் 777எக்ஸ் என்று ஒரு பெரிய விமானம். 2013இல் அதை எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தது. வொஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்ற ஊரில் ஏற்கெனவே போயிங்கின் தொழிற்சாலை இருக்கிறது, 98 ஏக்கர் ஒரே கூரைக்குக் கீழே, கொள்ளளவில் உலகத்திலேயே பெரிய கட்டடம் அதுதான். அங்கேயே கட்டுவார்கள் என்றுதானே நினைப்போம், ஆனால் கொம்பனி அப்படி வாயைத் திறந்து சொல்லவில்லை. மாநில அரசு அவசரமாகச் சட்டசபையைக் கூட்டி 2040 வரைக்கும் சுமார் 870 கோடி டொலர் வரிச் சலுகை என்று சட்டம் போட்டது. அதோடு தொழிலாளரும் பழைய ஓய்வூதியத் திட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கொம்பனி கேட்டது. நவம்பரில் தொழிற்சங்கம் வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன, போயிங் மற்ற மாநிலங்களைப் பார்த்து "உங்களிடம் என்ன இருக்கு" என்று கேட்டது. 22 மாநிலங்கள், 54 இடங்களைக் காட்டி விண்ணப்பம் போட்டன. மிசூரி மாநிலம் மட்டும் 170 கோடி டொலர் தருகிறோம் என்று தனிச் சட்டமே போட்டது.

பவானி மாமி, ரொறன்ரோ: இது சீதனம் பேசுற கதை மாதிரி எல்லோ இருக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை எப்பவோ முடிவு பண்ணிவிட்டு, விலையைக் கூட்ட இன்னும் 22 வீட்டில் போய்ப் பலகாரம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கஜன், அறிவியல்நகர்: மாமி, அதேதான். 2014 ஜனவரி 3ஆம் திகதி திரும்ப வாக்கெடுத்தார்கள், 51 வீதம் பேர் சரி என்றார்கள், விமானம் எவரெட்டுக்கே வந்தது. மற்ற மாநிலங்களுக்கு நன்றி, வணக்கம். போயிங்குக்கு வரிச் சலுகையும் கிடைத்தது, தொழிலாளரின் பழைய ஓய்வூதியத் திட்டமும் நின்றுபோனது.

தேவன் மாமா, மாங்குளம்: சரி, வேலை கிடைச்சதுதானே. அதைச் சொல்லாமல் விடாதே.

கஜன், அறிவியல்நகர்: இருந்த வேலையைத்தான் காப்பாற்றினார்கள் மாமா, அதையும் முழுசாக இல்லை. அந்தச் சட்டத்தில் 777எக்ஸையும் அதன் இறக்கையையும் அங்கேயே செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த சில வருடங்களில் போயிங் அந்த மாநிலத்திலேயே ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தது, சட்டப்படி யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. விமானத்தை 2020இல் கொடுக்கத் தொடங்குவோம் என்றார்கள், 2025 ஒக்டோபரில் அதை 2027க்குத் தள்ளி வைத்தார்கள்.

சுதன் அண்ணா, பாரிஸ்: போயிங்கின் இன்னொரு விமானம் 787, அதன் கதையையும் சொல்லடா, அதுதான் இன்னும் மோசம்.

கஜன், அறிவியல்நகர்: நீங்கள் சொல்லுங்கோ அண்ணா, எனக்குச் சாப்பாடு எடுக்கப் போக வேணும்.

சுதன் அண்ணா, பாரிஸ்: 2003இல் இதே வொஷிங்டன் மாநிலம் 787க்காக 320 கோடி டொலர் சலுகை கொடுத்துப் பிடித்தது. 2008இல் தொழிலாளர் இரண்டு மாதத்துக்குக் கிட்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் இரண்டாவது பொருத்தும் வரிசையைத் தென் கரோலினாவில் சார்ள்ஸ்ரனுக்குக் கொண்டு போனார்கள், அங்கே தொழிற்சங்கம் என்றால் கிட்டத்தட்ட இல்லை, அந்த மாநிலமும் தன் பங்குக்குச் சலுகையை அள்ளிக் கொடுத்தது. 2020இல் முழு 787 வேலையும் சார்ள்ஸ்ரனுக்கே என்று அறிவித்தார்கள், 2021இலிருந்து எவரெட்டில் 787 ஒன்றுமே பொருத்துவதில்லை. 320 கோடி கொடுத்த மாநிலத்தில் கடைசியில் 787 பொருத்துகிற வேலையே இல்லை.

ராசன் சித்தப்பா, பரந்தன்: அப்ப கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமே?

சுதன் அண்ணா, பாரிஸ்: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தானே சித்தப்பா கேட்கலாம். அதைவிட வேடிக்கை, உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாக்காரர் போட்ட வழக்கில் அந்த வரிக் குறைப்பு பிழை என்று தீர்ப்பு வந்ததால் 2020இல் போயிங்கே போய் அந்தச் சலுகையை எடுத்துவிடுங்கள் என்று மாநிலத்திடம் கேட்டது. ஐரோப்பாக்காரரும் சுத்தம் என்று நினைக்காதீங்கோ. எயார்பஸின் ஏ380 என்ற இரட்டைத் தட்டு விமானத்துக்காக பிரான்சின் துலூசும் ஜேர்மனியின் ஹம்பேர்க்கும் இழுபட்டன. பொருத்துகிற வேலை துலூசுக்குப் போனது, ஹம்பேர்க்குக்கு உடம்புப் பகுதி வேலையும் உள்ளலங்காரமும். அந்த வேலைக்காக எல்பே ஆற்றோரம் பறவைகள் வந்து இறங்குகிற சதுப்பு நிலத்தில் ஒரு பெரிய துண்டை மண் போட்டு நிரப்பினார்கள். ஓடுபாதையை நீட்டக் காணி கேட்டபோது பக்கத்து ஊர்ப் பழத்தோட்டக்காரர் விற்க மாட்டோம் என்று நின்றார்கள், பெரிய வழக்கு வம்பு. கடைசியில் ஏ380 சரியாக விலைபோகவில்லை, 2021இல் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். நிரப்பின நிலம் நிரப்பினதுதான்.

கவிதா அக்கா, வவுனியா: நந்திக்கடலை நினைச்சுப் பார்த்தேன். வேண்டாமப்பா.

பவானி மாமி, ரொறன்ரோ: இங்கே டவுன்ஸ்வியூவில் விமானம் கட்டின இடத்தில் இப்போது வீடு கட்டப் போகிறார்கள். பெறுமதியான காணி என்று 2018இல் விற்றார்கள், டாஷ் 8 என்ற விமானம் கட்டுகிற வேலை 2021இல் நின்றது, அடுத்த வருடம் அதைக் கட்டின கொம்பனி புதுத் தொழிற்சாலை அல்பேர்ட்டாவில் என்று அறிவித்தது. அல்பேர்ட்டா எங்கே, ரொறன்ரோ எங்கே. ஐம்பது வயசில் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டு யார் போவது? ஊர் ஊரைப் பார்த்துப் போட்டி போடும்போது வேலைக்காரரை யாரும் ஒரு சொல் கேட்கிறதில்லை.

தேவன் மாமா, மாங்குளம்: எல்லோரும் வெள்ளைக்காரன் கதையே சொல்லுறீங்கள். பக்கத்து இந்தியாவில் நடக்கவில்லையா?

கஜன், அறிவியல்நகர்: வந்திட்டேன். நடந்தது மாமா. எயார்பஸும் டாட்டாவும் சேர்ந்து சி295 என்ற இராணுவப் போக்குவரத்து விமானம் கட்டுகிற தொழிற்சாலை, மொத்தம் 56 விமானம், அதில் 40 இந்தியாவில். நாக்பூருக்கு வரும் என்று மகாராஷ்டிராவில் எதிர்பார்த்துக்கொண்டு இருக்க 2022 ஒக்டோபரில் குஜராத்தின் வடோதராவில் அடிக்கல் நாட்டினார்கள். மகாராஷ்டிராவில் எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைப் பிய்த்து எடுத்தது. 2024 ஒக்டோபரில் மோடியும் ஸ்பெயின் பிரதமரும் வந்து திறந்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது தேவனஹள்ளிக் கதை. பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விண்வெளி, விமானக் கைத்தொழிலுக்கு என்று 1,777 ஏக்கர் தோட்டக் காணியை எடுக்கப் போனார்கள். விவசாயிகள் மூன்று வருடத்துக்கு மேலே போராட்டத்தில் இருந்தார்கள். 2025 ஜூலையில் முதலமைச்சர் சித்தராமையா எடுக்கமாட்டோம் என்று அறிவித்தார். உடனே ஆந்திராவின் அமைச்சர் லோகேஷ், எங்களிடம் பெங்களூருக்குப் பக்கத்திலேயே 8,000 ஏக்கர் ஆயத்தமாக இருக்கிறது, வாருங்கள் என்று கொம்பனிகளுக்குப் பகிரங்கமாகச் செய்தி போட்டார்!

ராசன் சித்தப்பா, பரந்தன்: கெட்டிக்காரன்.

கவிதா அக்கா, வவுனியா: கெட்டிக்காரன்தான், ஆனால் காணி கொடுக்கமாட்டோம் என்று ஒரு ஊர்ச் சனம் வென்றால் அடுத்த ஊர் தட்டில் வைத்துக் கொடுக்க நிற்கிறது, அதுதான் எனக்குப் பயம். கேப்பாப்புலவுச் சனம் 2017இல் ரோட்டில் கொட்டில் போட்டுக் கிடந்துதான் படையினரிடமிருந்து பிலக்குடியிருப்புக் காணியைத் திரும்ப எடுத்தது. எங்களுக்குக் காணி என்பது வரைபடத்தில் நிறம் அடிக்கிற விசயம் இல்லை.

கவிதா அக்கா, வவுனியா: அதோடு நீங்கள் இருவரும் ஒன்றை மறந்திட்டீங்கள். 2016இல் வவுனியாவுக்குப் பொருளாதார மத்திய நிலையம் என்று வந்தது, மரக்கறி மொத்த வியாபாரத்துக்கு. ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று வட மாகாண முதலமைச்சர் ஒரு பக்கம், எம்பிமார் இன்னொரு பக்கம், கூட்டத்துக்கு மேல் கூட்டம், வாக்கெடுப்பு வேறு. கடைசியில் இரண்டிலும் இல்லை, மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டின கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்து பற்றை வளர்ந்தது. அந்த நேரம் நாங்கள் எல்லாம் இடத்தைப் பற்றியே கதைத்தோம். யார் கடை எடுப்பார்கள், வாடகை என்ன, தோட்டக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தேவன் மாமா, மாங்குளம்: அது உண்மை.

ராசன் சித்தப்பா, பரந்தன்: ஓம், அது உண்மை. ஆனால் பிள்ளை, எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருந்தால் பொடியள் எல்லாம் கப்பல் ஏறி, விமானம் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு வேலை வர வேண்டும். இரசாயனத் தொழிற்சாலை ஓடின காலத்தில் பரந்தன் சந்தி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

கஜன், அறிவியல்நகர்: சித்தப்பா, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 777எக்ஸை ஏன் கடைசியில் எவரெட்டிலேயே கட்டினார்கள்? காசு மட்டும் இல்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக விமானம் கட்டத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அதை மிசூரி ஒரே நாளில் கொடுக்க முடியாது. என்னோடு படிக்கிறவர்களில் பாதிப் பேர் படித்து முடித்ததும் கொழும்பு, இல்லாவிட்டால் வெளிநாடு. பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது, அதில் படித்தவனுக்கு வேலை கிளிநொச்சியில் இல்லை. வலயத்துக்கு வருகிறவனிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

பவானி மாமி, ரொறன்ரோ: எந்த வலயம்?

தேவன் மாமா, மாங்குளம்: விமானம் பொய் என்றாலும் இது பொய் இல்லை மச்சாள். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை மூன்றிலும் முதலீட்டு வலயம் என்று அரசாங்கம் சொல்லுது. அதுதான் எனக்கு இவ்வளவு துடிப்பு.

கவிதா அக்கா, வவுனியா: அப்ப இரண்டு பேரும் சண்டையை விட்டிட்டு இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கோ. ஒருவன் மாங்குளத்தில் வந்து "பரந்தன்காரர் கூடச் சலுகை தருகிறார்கள்" என்று சொன்னால் அது உண்மையா என்று சித்தப்பாவுக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேட்கலாம். அந்த 22 மாநிலமும் ஒன்றுக்கொன்று போன் எடுத்துக் கதைத்திருந்தால் போயிங்குக்கு இவ்வளவு போயிருக்காது.

ராசன் சித்தப்பா, பரந்தன்: ஹஹா. அத்தான் போன் எடுத்தால் முதலில் கடன் கேட்பார்.

தேவன் மாமா, மாங்குளம்: பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் கேட்கிறதுக்கு எழுதித் தாங்கோ பிள்ளை. எனக்கு மேடைக் கதை வராது.

கவிதா அக்கா, வவுனியா: இப்படி எழுதுங்கோ மாமா: "வலயத்துக்கு எடுக்கிற காணியில் தனியார் காணி எவ்வளவு, எங்கேயிருந்து எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள், வரிச் சலுகை எத்தனை வருடம், அதற்குப் பதிலாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, அந்த எண்ணிக்கை குறைந்தால் சலுகை திரும்ப எடுக்கப்படுமா? பதிலை எழுத்தில் தரவும்."

ராசன் சித்தப்பா, பரந்தன்: தண்ணியை முதலில் போடு. இரணைமடு என்று வந்தால் இங்கே கமக்காரர் சும்மா இருக்க மாட்டார்கள். நானும் இதையே கிளிநொச்சியில் கொடுக்கிறேன்.

கஜன், அறிவியல்நகர்: "நிரந்தர" என்ற சொல்லை யார் கேட்டாலும் வெட்ட விடாதீங்கோ.

தேவன் மாமா, மாங்குளம்: சரி, கணினிக் கடையில் அடிச்சுக் கொண்டு போறேன். கூட்டத் திகதி தெரிந்தவர் போடுங்கோ.