முதுகலை விலங்கியலுக்குப் பிறகு நீட் எழுதலாமா?

தீவுப்பெண்:
வணக்கம். தங்கச்சிமடத்தைச் சேர்ந்த நான் முதுகலை விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன், வயது 22. பள்ளி முடித்த ஆண்டில் எழுதிய நீட் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுத எண்ணுகிறேன். முதுகலைப் பட்டத்துக்குச் சலுகை உண்டா? எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியிலும் அதன்பின் அரசுப் பள்ளியிலும் படித்த எனக்கு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொருந்துமா?

உப்பளத்தார்:
இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. முதுகலைப் பட்டத்தால் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகாது. உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. தேவாலயங்கள் நடத்தும் உதவிபெறும் பங்குப் பள்ளிகளை நம்பியிருக்கும் நம் கடற்கரைப் பிள்ளைகள் பலர் இந்த விதியால் வெளியே நிற்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம்; உச்ச வரம்பு 2022-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

வேதியியல் அக்கா:
இளங்கலை வேதியியல் முடித்து, 24 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள் நான். 180 வினாக்களில் உயிரியல் 90 என்பதால் விலங்கியல் கைகொடுக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் தேர்வு கேட்பது பள்ளிப் பாடநூலின் வரியைத்தான். கல்லூரியில் ஆழமாகப் படித்தவர், விதிவிலக்குகளையெல்லாம் யோசித்து, எளிய வினாவில் தவறான விடையைக் குறித்துவிடுவார். சரியான விடைக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும். ஆக ஒரு சறுக்கல் ஐந்து மதிப்பெண் வேறுபாடு. வேதியியலில் எனக்கே இது நடந்தது. உங்களுக்கு உண்மையான தடை இயற்பியலாகத்தான் இருக்கும். ஐந்தாண்டாகத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஓராண்டை ஒதுக்குவதற்கு முன், பழைய வினாத்தாளின் 45 இயற்பியல் வினாக்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கொசுவலை:
மருத்துவத்துக்குள் நுழைய எம்.பி.பி.எஸ். மட்டுமே வாசல் அன்று. இராமேஸ்வரம் தீவில் சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டிய குழிகளில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பெருகியதை ஆராய்ந்து சொன்னது பூச்சியியல்தான். புதுச்சேரியிலுள்ள நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் விலங்கியல் படித்தவருக்கு வேலை உண்டு. ஆனால், நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கத்தான் ஆசை என்றால், இந்த வழி உங்களுக்கு நிறைவு தராது.

தீவுப்பெண்:
அனைவருக்கும் நன்றி. நாடி பார்க்கத்தான் ஆசை. அக்கா சொன்னபடி நேற்றிரவு உட்கார்ந்தேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலின் பின்னட்டையில் தம்பி படகுக்கு வாங்கிய ஐஸ் கணக்கை எழுதி வைத்திருந்தான். ஒரு மணி நேரத்தில் 11 சரி, 19 தவறு, மற்றவை தொடவில்லை. ஆக இயற்பியலுக்கான 180 மதிப்பெண்ணுக்கு 25. நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறன்று வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பா விசைப்படகில் போகிறவர் என்பதால் அப்போது வீட்டில் வருமானம் இருக்காது. எனவே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாமல், டிசம்பர் வரை இயற்பியலை மட்டும் நானே படித்து, அந்த 25 எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகே வீட்டில் பேசப்போகிறேன். அக்கா, இயக்கவியலில் தொடங்கட்டுமா, மின்னியலிலா?

வேதியியல் அக்கா:
இயக்கவியல். விசைப் படம் வரையாமல் ஒரு கணக்கையும் தொடாதீர்கள்.