விருது மேடையில் பெண்களைக் கேலி செய்வது: "தராசு தாங்குமா" என்பது நகைச்சுவையா?

ஹட்டன் பனி:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. நடத்தியவர்களின் பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். கூடுதலாகத் தேயிலைக் கொழுந்து பறித்த தோட்டத்துப் பெண்கள், சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துக் கொடுத்த ஆசிரியர்கள் என்று இருபது பேரளவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். அதில் என் சித்தியும் ஒருவர். முப்பத்தொரு வருடம் மலையேறியவர். என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையை அன்றைக்குத்தான் இரண்டாவது தடவையாகக் கட்டினார். விரலில் கொழுந்துக் கறை தெரிகிறதே என்று விடிந்ததிலிருந்து எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். கொஞ்சம் பருத்த உடம்பு, முழங்கால் வலி வேறு, படியில் மெதுவாகத்தான் கால் வைப்பார். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்: "அக்கா பறிச்ச கொழுந்தைத் தராசு தாங்கிருச்சு, அக்காவை ஏத்துனா தராசு தாங்குமா?" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சித்தியும் சிரித்தார். சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டே சிரித்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்து வந்தவர் கணித ஆசிரியை, கல்யாணமாகாத பிள்ளை. "இந்த டீச்சர் பாடம் எடுத்தா நான் வேணும்னே பெயிலாகி அதே வகுப்புல உட்காருவேன்" என்றார். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆண்களும் ஏழெட்டுப் பேர் விருது வாங்கினார்கள், ஒருவருடைய தொந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவரைக் கௌரவிக்கக் கூப்பிட்ட மேடையில் இதற்கு இடம் இருக்கிறதா? உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.

மேடைக்குரல்:
தங்கச்சி, அந்த விழாவில் நான் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக நுவரெலியா, பதுளைப் பக்கம் கோயில் திருவிழா, கல்யாண வீடு, பரிசளிப்பு விழா என்று மைக் பிடிக்கிறவன் நான், அதனால் பேசாமல் போக முடியவில்லை. தராசு பேச்சு தவறு. ஒருவருடைய உடம்பைத் தொடக்கூடாது, அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

ஆனால் அதை வைத்து, பெண்கள் வந்தால் மேடையில் சிரிப்பே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு விழா எப்படி நடக்கிறது என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒன்பது மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும், பிரமுகர் பதினொன்றரைக்கு வருவார், வந்தவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார்கள், கைக்குழந்தை அழும், கடைசி பஸ் போய்விடும் என்று பின்வரிசை எழும்பும். கடைசியில் விருது வாங்குகிறவருக்குக் கைதட்ட ஆள் இருக்காது. அந்தச் சனத்தைப் பிடித்து உட்கார வைக்கிறவன் அறிவிப்பாளன்தான். டீச்சரைப் பற்றிச் சொன்னதில் என்ன கெட்ட வார்த்தை இருக்கிறது? அழகு, நல்லாப் படிப்பிக்கிறார் என்ற இரண்டையும் சேர்த்துத்தானே சொல்லியிருக்கிறார்? அதையும் குற்றம் என்றால் மேடையில் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூர வைக்க வேண்டியதுதான். அதுவும் மரியாதை இல்லையே.

டிக்கோயா பிள்ளை:
அண்ணே, அந்த டீச்சருக்கு விருது கொடுத்தது கணிதத்துக்கு. தோட்டப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு, பல இடங்களில் ஒரு வருடம் முழுக்க ஆளே இல்லாமல் போய்விடும். அங்கே நின்று பிள்ளைகளைப் பாஸாக்கியிருக்கிறார். அதற்கு மேடையில் கிடைத்தது, பார்க்க நன்றாக இருக்கிறார் என்ற சேதி. திங்கட்கிழமை காலையில் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது, பின் வாங்கிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதே வார்த்தையைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? அதிபரிடம் போய்ச் சொன்னால், மேடையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தீர்களே என்பார். பாராட்டு என்று நீங்கள் சொல்வது அவருடைய வகுப்பறைக் கதவைத்தான் போய் உடைக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2018 டிசம்பரில் பாரிஸில் பாலோன் தோர் விருது விழா. உலகத்தின் சிறந்த காற்பந்து வீராங்கனைக்கு அந்த விருதை முதன்முதலாகக் கொடுத்த வருடம் அது. நோர்வேயின் ஆடா ஹெகர்பெர்க் வாங்கினார். முந்தின பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் மட்டும் 15 கோல் போட்டவர். மேடையில் இருந்த டி.ஜே. மார்ட்டின் சோல்வெய்க் அவரிடம் கேட்டது, இடுப்பை ஆட்டி ஆடுகிற அந்த ட்வெர்க் நடனம் தெரியுமா என்று. அவர் தெரியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லித் திரும்பினார். மறுநாள் உலகம் பேசியது அந்தக் கேள்வியை. 15 கோலை யார் பேசினார்கள்?

மேடைக்குரல்:
சரி, அந்தக் கதையை முழுக்கச் சொல்லுங்கள். சோல்வெய்க் மன்னிப்புக் கேட்டார். ஹெகர்பெர்க்கும் அதைப் பாலியல் தொல்லையாக எடுக்கவில்லை என்றுதான் சொன்னார். சம்பந்தப்பட்டவருக்கே பெரிதாகத் தெரியாததை மற்றவர்கள் பெரிதாக்கினார்கள். இங்கேயும் சித்தி சிரித்தார் என்று தங்கச்சியே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2022 ஒஸ்கார் விழாவில் கிறிஸ் ரொக் ஒரு நடிகையின் மொட்டைத் தலையைப் பற்றிச் சொன்னார், அந்த அம்மாவுக்கு முடி உதிரும் நோய். புருஷன் வில் ஸ்மித் மேடையேறிக் கன்னத்தில் அறைந்தார். பத்து வருடம் அந்த விழாப் பக்கம் வரக்கூடாது என்று அவரைத்தான் தள்ளி வைத்தார்கள். ஒரு பேச்சுக்கு இவ்வளவு கோபம் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும்? நாளைக்கு நம் மண்டபத்திலும் ஒருவன் மேடையேறி அறைவான், அடி வாங்குவது நானூறு ரூபாய் பெட்ரோல் போட்டு வந்த என்னைப் போல ஒருத்தன்.

டிக்கோயா பிள்ளை:
அறையச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. அறைந்தது தவறு. ஆனால் அந்தச் சண்டையில் எல்லோரும் இரண்டு ஆண்களைப் பற்றியே பேசினார்கள், நோய் வந்த பெண் நடுவில் காணாமல் போனார். 2013இல் அதே விழாவை நடத்திய சேத் மெக்ஃபார்லன், எந்தெந்த நடிகை எந்தப் படத்தில் மார்பைக் காட்டினார் என்று ஒரு பாட்டே பாடினார். அதில் சொன்ன சில காட்சிகள் பாலியல் பலாத்காரக் காட்சிகள். அந்த நடிகைகள் சிலர் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கமரா முகத்துக்கு நேரே இருக்கும்போது அவர்கள் எந்த முகத்தைக் காட்டுவது?

சிரித்தார் என்பதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள் அண்ணே. கழுத்தில் பொன்னாடை, கையில் கேடயம், எதிரே தோட்டத்துச் சனம் முழுக்க. அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்க எந்தப் பெண்ணுக்கு முடியும்?

லயத்துப் பையன்:
எனக்கு இந்த விவாதமே வீண் என்று தோன்றுகிறது. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு 2021 வரை இழுத்தடித்தார்கள். இன்னும் நூறு வருடத்துக்கு முந்திய லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒழுகுகிற தகரத்தின் கீழ்தான் இருக்கிறோம். அம்மாமார் அட்டைக் கடியோடு மலையில் நிற்கிறார்கள். இதை விட்டுவிட்டு மைக்கில் யாரோ சொன்ன ஒரு வரிக்கு இவ்வளவு எழுத்தா? முதலில் வயிற்றுக்கு வழி, மற்றது பிறகு.

தலவாக்கலை ஐயா:
தம்பி, வயிறும் மானமும் ஒரே ஆளுக்குத்தான் இருக்கிறது. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் தொடங்கிய காலத்தில் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். சம்பளத்தையும் பாடினார், நம்மை அடிமையாக நடத்துவதையும் பாடினார், பிரித்து வைக்கவில்லை. பெண்ணின் குரல் மேடையில் கேட்டதால் சனம் வந்தது.

மேடைக்குரல் தம்பி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நாம் ஒன்றும் கேலி தெரியாத சனம் இல்லை. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற தோட்டத்தில் விடிய விடியக் கோமாளி பேசாத பேச்சா? மாமன் மச்சினி முறையில் நலுங்கு வீட்டில் நடக்காத கிண்டலா? வெளிநாட்டு விழாக் கதையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் கூத்தைக் கூர்ந்து பாருங்கள். காமனாகிய மதனைப் போக விடாமல் அவன் மனைவி ரதி வழி மறித்துத் தர்க்கம் பாடுவாள். அவன் ஒரு அடி பாடினால் அவள் ஒரு அடி பாடுவாள், விட்டுக்கொடுக்க மாட்டாள். வேஷம் கட்டுவது ஆண் என்றாலும் ரதிக்கு வாய் உண்டு. நலுங்கு வீட்டில் மாப்பிள்ளையை மச்சினிமார் கிழிக்கிற கிழி உங்களுக்குத் தெரியும். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே கங்காணியைக் கேலி செய்து எங்கள் பாட்டிமார் பாடிய பாட்டுகள் எத்தனை! அங்கே எல்லாம் வாங்கினவருக்குத் திருப்பிக் கொடுக்க முறை இருந்தது. விருது மேடையில் இருப்பது ஒரே மைக், அது அறிவிப்பாளரின் கையில். வாங்குகிறவருக்குக் கும்பிடுவதற்கு மட்டும்தான் நேரம். கையைக் கட்டிப்போட்டு ஆடுகிற சிலம்பத்துக்குச் சிலம்பம் என்று பெயர் இல்லை.

மேடைக்குரல்:
ஐயா, அப்படியானால் மைக்கை அவர்களிடமும் கொடுத்தால் சரியா? நான் பல விழாவில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள், எனக்கு என்ன தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவார்கள். குறையை எங்கள் மேல் மட்டும் போட வேண்டாம்.

ஹட்டன் பனி:
அண்ணே, ஏன் வாங்க மாட்டார்கள் என்று நான் சொல்கிறேன். இதை முதல் பதிவில் எழுத மனம் வரவில்லை.

விழா முடிந்து பஸ்ஸில் வரும்போது சித்தியிடம் கேட்டேன், அவன் சொன்னது வலித்ததா என்று. "புதுசா என்ன, எனக்குப் பத்தொன்பது வயசுலயே சொல்லிட்டாங்க" என்றார். அப்போது அவர் மெலிந்த பெண். மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுக்கும்போது ஈரக் கொழுந்து என்று தினமும் இரண்டு மூன்று கிலோ கழிப்பார்களாம். முழு நாள் சம்பளத்துக்குப் பெயர் பதியும் அளவுக்குக் கொஞ்சம் குறைந்தால் அன்றைக்கு அரைப் பெயர், அரை நாள் சம்பளம்தான். ஒரு நாள் சித்தி, ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "குறையுதுன்னா நீயே ஏறி உட்காரு, தூக்கிப் பார்த்துப் போட்டுக்கிறேன்" என்றாராம். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். வரிசையில் கூடையோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் தங்கள் கூடையிலும் கழியும் என்று. அன்றிலிருந்து சித்தி கணக்குக் கேட்டதில்லை. முப்பது வருடம்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வந்தது அதே தராசு, அதே சிரிப்பு. அந்த அறிவிப்பாளரும் தோட்டத்துப் பிள்ளைதான், அவர் அம்மாவும் கூடை தூக்கியவராக இருக்கலாம், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். லயத்துப் பையன் தம்பி, நீங்கள் சம்பளம் வேறு பேச்சு வேறு என்றீர்கள். அந்த ஒரு வரியால்தான் சித்தி மூன்று கிலோவை முப்பது வருடம் விட்டுக்கொடுத்தார். பெருக்கிப் பாருங்கள்.

லயத்துப் பையன்:
அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.

மேடைக்குரல்:
படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். தராசைப் பற்றிப் பேசினால் மடுவம் ஞாபகத்துக்கு வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை, நானும் அதே மடுவத்தைப் பார்த்து வளர்ந்தவன். டீச்சர் விஷயத்தில் நான் இன்னும் முழுக்க மாறவில்லை, வகுப்பறைப் பையனைப் பற்றி டிக்கோயா பிள்ளை சொன்னதை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு இல்லாமல் விழா நடத்த என்னால் முடியாது. பிரமுகர் தாமதமாக வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம், என் குரலையே சொல்லலாம், மழையைச் சொல்லலாம். அடுத்த மாதம் பண்டாரவளைப் பக்கம் ஒரு பரிசளிப்பு இருக்கிறது, விருது வாங்குகிறவர்கள் ஒன்பது பேர் பெண்கள். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். உங்கள் சித்தியைக் கூப்பிடும்போது என்ன சொல்லியிருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்?

ஹட்டன் பனி:
நேற்று இரவு போன் எடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரைச் சொன்னாங்க, எந்தத் தோட்டம்னு சொன்னாங்க. எத்தனை கிலோன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

தலவாக்கலை ஐயா:
எத்தனை கிலோ, மகள்?

ஹட்டன் பனி:
போன சித்திரையில், கொழுந்து நன்றாக விழுந்த நேரம், ஒரே நாளில் 46 கிலோ, ஐயா. மூன்று நிறுப்பும் சேர்த்து. கழித்தது போக.