பயணிகள் விமானத்தின் இறக்கைக்கு 45 பாகை பின்சாய்வு ஏன் கொடுப்பதில்லை?

கேள்வி: ஏர்பஸ் ஏ320 இறக்கையின் பின்சாய்வு (இறக்கை வால் பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) 25 பாகை, போயிங் 747-க்கு 37.5. இறக்கைக்குக் குறுக்காக வரும் காற்றின் வேகம்தான் அதிர்ச்சி அலையை (ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கைமேல் எழுந்து இழுவையைக் கூட்டும் திடீர் அழுத்த மாற்றம்) தீர்மானிக்கிறது என்றால், மாக் 0.85-இல், அதாவது ஒலிவேகத்தில் 85%-இல், பறக்கும் 747-க்கு 0.85 × கோசைன் 37.5 = மாக் 0.67. 45 பாகை வைத்தால் 0.60-க்கு இறங்கிவிடுமே. பிறகு ஏன் தயங்குகிறார்கள்?

பதில் 1: அந்தக் கோசைன் கணக்கு முடிவில்லாமல் நீளும் இறக்கைக்குத்தான் முழுசாகப் பொருந்தும். நிஜ இறக்கை விமான உடலோடு சேரும் இடத்தில் சம அழுத்தக் கோடுகள் சாய்வை இழந்து நேராகிவிடும். அங்கே அதிர்ச்சி அலை சீக்கிரமே எழும். ஆக, கிடைக்கும் லாபம் கணக்கில் வருவதைவிடக் குறைவு.

நஷ்டமோ தரையிறங்கும்போது தெரியும். எளிய கணக்கில் உச்சத் தூக்குவிசை கோசைனின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: 25 பாகையில் நேர் இறக்கையின் 82%, 45-இல் வெறும் 50%. ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாத வேகம்) 25 பாகையோடு ஒப்பிட்டால் சுமார் 28% கூடும். ஓடுதள ஓட்டம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 1.6 மடங்காகும். ஃபிளாப்பின் (தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கும் மடிப்பு) பலனும் சாய்வோடு சேர்ந்து குறைவதால் அதை வைத்து ஈடுகட்டுவதும் கடினம்.

பதில் 2: ஓடுதளத்தைவிட எனக்குப் பெரிய கவலை நுனி ஸ்டால்தான். சாய்ந்த இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய மந்தமான காற்று நுனியை நோக்கி நழுவி அங்கே தடித்துக் கிடக்கும். நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். அது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு கீழே போகாமல் மேலே எழும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரானும் அதே நுனியில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மிக்-15 போர் விமானத்தின் இறக்கையைப் பாருங்கள்: 35 பாகை சாய்வு, ஒவ்வொரு பக்கமும் முன்னிருந்து பின்னாக நிற்கும் இரண்டு தகட்டு வேலிகள். அந்த நழுவலை மறிக்கத்தான் அவை. நுனியைச் சற்றுக் கீழ்நோக்கி முறுக்கி வைப்பது இன்னொரு வழி.

கேட்டவர்: அப்படியானால் ஒலியை மிஞ்சும் விமானங்களுக்கு?

பதில் 1: அங்கே மாக் கூம்பு, அதாவது விமான மூக்கிலிருந்து பின்னோக்கி விரியும் அலைக் கூம்பு, வந்துவிடும். மாக் 2-இல் கூம்பின் அரைக்கோணம் 30 பாகை; முன்விளிம்பு அதற்குள் அடங்கினால்தான் குறுக்கு வேகம் ஒலிவேகத்துக்குக் கீழே இருக்கும், அதற்கு 60 பாகைக்கு மேல் சாய்வு வேண்டும். எஃப்-104 போர் விமானம் வேறு வழியில் போனது: கிட்டத்தட்ட நேரான இறக்கை, ஆனால் தடிமன் இறக்கையின் முன்பின் அகலத்தில் 3.36% மட்டுமே.